இரு பயனுக்கு ஒரு வண்டி
பழைய பிக்கப் வாங்க எண்ணும் அங்கத்தினர் கவனத்திற்கு

விளைந்ததைச் சந்தைக்கும் நெய்ததைச் சங்கத்துக்கும் கொண்டு சேர்க்க ஒரு வண்டி வேண்டும். அதே குடும்பம் கல்யாணம், காதுகுத்து, குலதெய்வக் கோயில், ஆஸ்பத்திரி என்று போய்வரவும் ஒரு வண்டி வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியே வண்டி வாங்கும் வசதி நம் அங்கத்தினரில் மிகச் சிலருக்கே உண்டு. ஆகவே, முன்னே ஐவர் அமரும் அறையும் பின்னே சரக்குத் தட்டும் கொண்ட பிக்கப் வண்டி ஒன்றை, பிறர் ஓட்டிப் பழகியதாகக் குறைந்த விலைக்கு வாங்கினால் என்ன என்று, நாம் தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில் பலரும் கேட்கின்றனர்.

வாங்கலாம் என்பதே நம் விடை. ஆனால், எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் ஏடுகளைப் பார்க்க வேண்டும் என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். வண்டி இரண்டு வேலை செய்யும் என்பது தரகரின் வாக்கு. பதிவுச் சான்றும் காப்பீட்டுப் பத்திரமும் அந்த இரண்டு வேலைகளையும் ஒப்புக்கொள்கின்றனவா என்பதே கேள்வி. அதனை இங்கு விளக்க முற்படுகிறோம்.

வண்டியின் இயல்பு

இவ்வகை வண்டிகளில் நம் ஊர்ப்புறங்களில் மிகுதியாகக் காணப்படுவது மஹிந்திரா பொலெரோ கேம்பர். டாட்டா ஸெனான், ஸ்கார்ப்பியோ கெட்டவே ஆகியவையும் பழைய வண்டிச் சந்தைக்கு வருகின்றன. இவ்விரண்டும் நம் நாட்டில் விற்பனை நின்றுபோனவை; ஆதலால் உதிரி உறுப்புகள் கிடைக்குமா என்பதை முன்னதாகவே மெக்கானிக்கிடம் கேட்டறிதல் நலம். 2016-இல் வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸும், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸும் குடும்ப வசதி மிகுந்தவை; விலையும் மிகுந்தவை.

எந்தப் பெயருடையதாயினும் இவ்வண்டிக்குப் பொதுவான சில குணங்கள் உண்டு. ஆட்களுக்குரிய அறை நீண்டதால் சரக்குத் தட்டு குறுகிவிடுகிறது. தனிச் சரக்கு வண்டியில் எட்டு அடிக்கு மேல் தட்டு இருக்குமாயின், இதில் சுமார் ஐந்து அடியே மிஞ்சும். நெடிய வாழைத்தாரையும் தறிச் சாமான்களையும் ஏற்றுவோர் அளவு நாடாவுடன் செல்வது நல்லது.

பின்புறம் பட்டை வில்லின் மேல் நிற்கிறது. அது சுமைக்கென அமைந்தது. சுமை இருக்கும்போது வண்டி அமைதியாக ஓடும். தட்டு காலியாக இருந்தால் பின்புறம் துள்ளும். வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் நெடுந்தூரம் அழைத்துச் செல்வோர் இதனை மறத்தலாகாது. மேலும், எஞ்சின் முன்னே இருப்பதால் காலி வண்டியின் பின்சக்கரங்களில் பாரம் குறைவு. மழை நாளில் வேகத்துடன் பிரேக் பிடித்தால் அவை வழுக்கக்கூடும். ஆகவே, சுமைக்கு ஒரு காற்றழுத்தம், குடும்பப் பிரயாணத்துக்கு ஒரு காற்றழுத்தம் எனத் தயாரிப்பாளர் குறித்துள்ள அளவுப்படி டயருக்குக் காற்றடிக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு சொல். சரக்கு வகையில் சேர்ந்த வண்டிகளுக்குக் கார்களுக்குரிய பாதுகாப்பு விதிகள் அப்படியே பொருந்துவதில்லை. காற்றுப்பை உண்டா, பின்னிருக்கைக்கு வார் உண்டா, அவ்வார் இழுபடுகிறதா என்பவற்றை வண்டியிலேயே பார்த்துத் தெளிய வேண்டும். குழந்தைகள் அமரப்போவது பின்னிருக்கையில்தான்.

பதிவுச் சான்றில் பார்க்க வேண்டியவை

பதிவுச் சான்றில் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் வகை. கேம்பர் போன்றவை பெரும்பாலும் சரக்கு வாகனமாகப் பதிவாகி மஞ்சள் பலகை தாங்கியவை. வி-கிராஸ் போன்றவை சொந்த உபயோக வாகனமாக வெள்ளைப் பலகையுடன் வருகின்றன. மஞ்சள் பலகை வண்டிக்கு எட்டு ஆண்டு நிறையும் வரை இரண்டு ஆண்டுக்கொருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். அது காலாவதியான வண்டியைச் சாலையில் விட்டால் அபராதம் மட்டுமல்ல, விபத்தில் காப்பீட்டுக் கம்பெனி தகராறு செய்யவும் இடமுண்டு. வெள்ளைப் பலகைக்கு முதற்பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். ஆனால் அதில் பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றுதல் கூடாது. “மஞ்சளை வெள்ளையாக மாற்றிக்கொள்ளலாம்” என்ற தரகர் பேச்சை நம்பிப் பணம் கொடுத்தல் வேண்டாம். பதிவு அலுவலகம் இசைந்தாலன்றி அது நடவாது.

இரண்டாவது, இருக்கை எண்ணிக்கை. ஐந்து என்று எழுதியிருந்தால் ஓட்டுநருடன் சேர்த்து ஐவர்தான். தட்டின் மேல் பெஞ்சு போட்டு இருக்கை கூட்டுவது சட்ட விரோதம்.

மூன்றாவது, எடை. காலி எடையும், சுமையுடன் கூடிய மொத்த எடையும் சான்றில் உள்ளன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஆட்களின் எடையும் அடங்கும். வித்தியாசம் 1,000 கிலோ எனக் கொள்வோம். ஆளுக்கு 65 கிலோ வீதம் ஐவர் அமர்ந்தால் 325 கிலோ போய்விடும். மீதி 675 கிலோவுக்கு, 50 கிலோ மூட்டை பதின்மூன்றுதான் ஏற்றலாம். குடும்ப வசதிக்கென விற்கப்படும் வகைகளில் இவ்வித்தியாசம் இன்னும் சிறியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய்; அதன் மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒரு தடவை பிடிபட்டால் பல நடைகளின் மிச்சம் போய்விடும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டுவதில்லை என்பது இவ்விடத்தில் ஓர் அனுகூலம்.

இலகு ரக வாகன லைசென்ஸ் உடையவர் 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதனை உறுதி செய்தது. எனவே இது குறித்து அங்கத்தினர் அஞ்ச வேண்டியதில்லை.

குடும்பத்துக்குக் காப்பு உண்டா?

இக்கட்டுரையில் மிக முக்கியமான விஷயம் இதுவே. சரக்கு வண்டிக்குக் கட்டாயமாக எடுக்கும் காப்பீடு யார் யாரைக் காக்கிறது? சாலையில் செல்லும் அயலாரைக் காக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வண்டியில் வரும் சரக்கின் சொந்தக்காரரையும் அவரது அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியையும் காக்கிறது. ஆனால் சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச்செல்லும் பிரயாணிக்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இதன் பொருளைச் சிந்திக்க வேண்டும். மஞ்சள் மூட்டைகளுடன் சந்தைக்குச் செல்லும் விவசாயி அவ்வண்டியில் சரக்கின் உரிமையாளர். சட்டம் அவரை அறியும். அடுத்த வாரம் அதே வண்டியில் அவர் மனைவியும் தாயும் மக்களும் திருச்செந்தூருக்குச் செல்லும்போது சரக்கும் இல்லை, சரக்குக்கு உரியவரும் இல்லை. விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈட்டுச் சுமை வண்டிக்காரரின் நிலத்தின் மீதும் வீட்டின் மீதும் விழக்கூடும். வெள்ளைப் பலகை வண்டியிலுங்கூட, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் உள்ளே அமர்ந்திருப்போருக்குப் பாதுகாப்புக் கிடையாது.

ஆகவே செய்ய வேண்டியது யாதெனில், மூன்றாம் நபர் காப்பீட்டுடன் நில்லாமல் முழுக் காப்பீடு எடுக்க வேண்டும். பதிவான இருக்கைகள் அனைத்துக்கும், வாடகை தராத பிரயாணிகளுக்கும் காப்பு உண்டா, அதற்கு எவ்வளவு கூடுதல் பிரீமியம் என்று கம்பெனியை எழுத்து மூலம் கேட்டு, பத்திரத்தில் அது ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். ஏஜெண்டின் வாய்மொழி போதாது. கம்பெனி அதற்கு இசையாவிடில், அவ்வண்டியைச் சரக்குக்கு மட்டும் வைத்துக்கொண்டு, குடும்பப் பிரயாணத்துக்கு வாடகைக் காரோ பஸ்ஸோ கொள்வதே அறிவுடைமை.

சரக்குத் தட்டில் ஆட்களை ஏற்றுதல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண நாளாயினும், களையெடுக்கும் நாளாயினும் அது கூடாது.

வண்டியைப் பார்க்கும் முறை

பழைய கார் பெரும்பாலும் ஆட்களைச் சுமந்தது. பழைய பிக்கப் எதைச் சுமந்தது என்று யாருக்குத் தெரியும்? அதனை வண்டியே சொல்லும். பட்டை வில்லில் கூடுதல் பட்டைகள் செருகியிருந்தால், அளவுக்கு மேல் சுமை ஏற்றிய வண்டி என்று கொள்க. தட்டின் அடியில் சேசிஸைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வெல்டிங் தழும்போ, வளைவோ, புதுப் பெயிண்டோ இருந்தால் விலகுவதே நலம். மீனும் உப்பும் உரமும் ஏற்றிய வண்டியின் தட்டும் சேசிஸும் உள்ளூர அரித்திருக்கும். பூச்சி மருந்து சிந்திய தட்டில் சேலைக் கட்டுகளை வைக்கும் நெசவாளர் சரக்கையே கறையாக்கிக்கொள்வார்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் கிளப்பிப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்னதாகவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லுக. நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். விடாத வெண்புகையும், குளிர்நீரில் எண்ணெய்ப் படலமும் பெருஞ்செலவின் அறிகுறிகள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருமாயின் எஞ்சின் தேய்ந்துவிட்டது. ஓடிய தூரம் குறைவாகக் காட்டியும், கிளட்ச் மிதியும் ஸ்டியரிங்கும் வழவழவென்று தேய்ந்திருந்தால் காட்டும் எண்ணை நம்பலாகாது. 2020 ஏப்ரலுக்குப் பிந்திய பாரத் நிலை ஆறு டீசல் வண்டிகளில் புகைக் கரியைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. ஊருக்குள் குறுகிய தூரமே ஓடிய வண்டியில் அது அடைபட்டிருக்கலாம்.

பெயர் மாற்றம்

பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் தகுதிச் சான்று, காப்பீடு, கடன் பதிவு முதலியவற்றின் நிலை தெரியும். அபராத நிலுவையையும் காணலாம். கடன் தீர்ந்திருந்தால் 35-ஆம் எண் படிவத்தைக் கொடுத்துக் கடன் பதிவை நீக்கியபின்பே பணம் முழுவதையும் தருக. 29, 30-ஆம் எண் படிவங்களில் கையொப்பம் பெற்று, 30 நாட்களுக்குள் பெயர் மாற்றம் கோர வேண்டும். காப்பீட்டை 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வெளிமாநில வண்டிக்குத் தடையில்லாச் சான்றும், இங்கே கட்ட வேண்டிய வரியும் சேரும். மலிவு என்று எண்ணியது மலிவாக இராது. விற்பவருக்கும் ஓர் எச்சரிக்கை: ஏட்டில் பெயர் உள்ளவரையில் நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

வரவு செலவுக் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. வண்டி விலை 4,00,000 ரூபாய். டயர், கிளட்ச், பாட்டரி மாற்ற 50,000. ஐந்து ஆண்டு கழித்து 2,00,000-க்கு விற்கலாம் எனக் கொண்டால் ஆண்டுக்குத் தேய்மானம் 50,000. முதலுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி 45,000. காப்பீடு, வரி, தகுதிச் சான்று 25,000. பழுதுபார்ப்பு 30,000. ஆக ஆண்டுக்கு 1,50,000, மாதத்துக்கு 12,500. வண்டி நின்றாலும் இச்செலவு பெரும்பாலும் நிற்காது.

சந்தை 60 கிலோமீட்டர் தொலைவு. வாடகை வண்டி ஒரு நடைக்கு 2,000 ரூபாய் என்போம். சொந்த வண்டியில் போகவர 10 லிட்டர் டீசல், சுமார் 900 ரூபாய். நடைக்கு மிச்சம் 1,100. மாதத்துக்குப் பன்னிரண்டு நடை இருந்தால்தான் வண்டி தன் செலவைத் தானே ஈட்டும். குடும்பப் பிரயாணத்தில் மிச்சமாகும் கார் வாடகையையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம். தத்தம் ஊர்த் தொகைகளைப் போட்டு ஒவ்வொருவரும் இக்கணக்கை எழுதிப் பார்க்க வேண்டும். மாதம் நான்கைந்து நடையே உள்ளவர் கடன் பட்டு வண்டி வாங்குவது, பிறருக்குக் கௌரவம் காட்டத் தம் குடும்பத்துக்குக் கடன் ஏற்றுவதாகும்.

கூட்டாக வாங்குவோர்

நடை போதாதவர் நால்வர் சேர்ந்து ஒருவர் பெயரில் வாங்கி, மற்றவர் நடைக்கு இவ்வளவு எனக் கொடுப்பதுண்டு. வெள்ளைப் பலகையாயின் அது கூலிக்கு ஓட்டியதாகிவிடும். அதனினும், சங்கமே தீர்மானம் இயற்றி, சங்கத்தின் பெயரில் சரக்கு வாகனமாகவே வாங்கி, ஓட்டப் புத்தகம் வைத்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என வசூலிப்பது ஒழுங்கானது. ஆனால் அவ்வண்டி சரக்குக்கு மட்டுமே. நிர்வாகிகளின் குடும்பப் பிரயாணத்துக்கு அன்று. ஒரு வண்டி இரு பயன் என்பது தனிக் குடும்பத்துக்குப் பொருந்துமேயன்றிச் சங்கத்துக்குப் பொருந்தாது.

சுருங்கச் சொல்லின், மெக்கானிக்கை அழைத்துச் செல்வதற்கு முன் பதிவுச் சான்றின் நகலையும் காப்பீட்டுப் பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுப்பவரின் வண்டியைப் பார்க்கவும் வேண்டாம். படித்து விளங்காவிடில் சங்கச் செயலாளரிடம் காட்டுங்கள். எஞ்சின் கெட்டால் பணத்தால் சரிசெய்துகொள்ளலாம். காப்பில்லாத பிரயாணத்தில் நேரும் நஷ்டம் அப்படித் தீர்வதன்று.