வெந்நீர்க் கலத்துக்கும் மூச்சு வேண்டும்!

கேளம்பாக்கம் என்றால் ஒரு காலத்தில் உப்பளம்தான் ஞாபகத்துக்கு வரும். இன்று அந்த ஊரைச் சுற்றி மாடி மேல் மாடியாக அடுக்குவீடுகள் எழுந்து நிற்கின்றன. பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள கம்பெனிகளில் வேலை பார்க்கும் பலர் அங்கே குடும்பத்தோடு வசிக்கிறார்கள். இப்படிப்பட்ட வீடுகளின் குளியலறையில் ஒரு வெந்நீர்க் கலம் சுவரில் தொங்குவது சகஜம். அதுதான் 'கீசர்'.

கீசர் வாங்கப் போகிறவர்கள் எத்தனை லிட்டர் பிடிக்கும், என்ன விலை என்று விசாரிப்பார்கள். அதற்கு எந்தக் குழாய் போடவேண்டும், எந்த வால்வு வைக்கவேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. குடும்பத்தின் பத்திரம் அடங்கியிருப்பதோ அந்தக் குழாயிலும் வால்விலும்தான்!

தாத்தா காலத்துப் பாய்லர்

முன்பு பல வீடுகளில் செப்புப் பாய்லர் இருந்தது. அதன் நடுவே ஒரு குழல். குழலுக்குள் கரியோ, விறகோ, கொட்டாங்கச்சியோ எரியும். குழலைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். மேலே புனல் போன்ற வாயில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினால், மறுபக்கம் ஒரு செம்பு வெந்நீர் வந்து விழும்.

அந்தப் பாய்லரின் வாய் எப்போதும் திறந்தே இருந்தது. தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் ஆவி அந்த வழியாக வெளியே போய்விடும். அதுதான் அதற்குக் காவல்.

கீசர் அப்படியல்ல. அது நாலு பக்கமும் மூடிய பாத்திரம். திறந்த வாய் செய்த வேலையை அதில் ஒரு சிறு வால்வு செய்யவேண்டியிருக்கிறது.

அரை லிட்டர் எங்கே போகும்?

தண்ணீர் சூடேறினால் பெருக்கும். 25 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால், கிட்டத்தட்ட அரை லிட்டர் கூடுதலாகிவிடும். குழாய்களெல்லாம் மூடியிருந்தால் அந்த அரை லிட்டர் எங்கே போகும்?

மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் வழியாகவே அது திரும்பிப் போகலாம். ஆனால் அந்தக் குழாயில் பெரும்பாலும் ஒருவழி வால்வு இருக்கும். தொட்டி காலியாகிவிட்டால் கீசரில் உள்ள தண்ணீரும் பின்னோக்கி வடிந்துவிடும். அப்போது சுவிட்ச் போட்டால் உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி வெந்து போகும். அதைத் தடுக்கத்தான் ஒருவழி வால்வு. அது தண்ணீரை உள்ளே விடும், வெளியே விடாது.

ஆகவே, ஒருவழி வால்வு இருக்கும் இடத்தில் அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வும் அவசியம். பல கீசர்களில் இரண்டையும் ஒரே பித்தளை வால்வாகச் செய்து கொடுக்கிறார்கள். பச்சைத் தண்ணீர் நுழையும் இடத்தில் அதை மாட்டவேண்டும்.

சொட்டினால் பழுதா?

சூடேறும்போது பாதுகாப்பு வால்வு சொட்டுச் சொட்டாக ஒழுகலாம். பழுது என்று எண்ணிச் சிலர் அதன் வாயை அடைத்துவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை! பெருத்த தண்ணீரைத்தான் அது வெளியேற்றுகிறது. ஓயாமல் ஒழுகினால் மட்டும் ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும்.

வால்வை அடைத்த வீட்டில், சூட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் கெட்டுப்போனால் என்ன ஆகும்? மூடிய கலத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறிக்கொண்டே போகும். பிரஷர் குக்கரில் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை சூடேறுகிறதே, அதே விதிதான். கலம் வெடித்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி கண நேரத்தில் ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும்!

எனவே பாதுகாப்பு வால்வுக்கும் கீசருக்கும் நடுவே அடைப்பு வால்வு எதுவும் கூடாது. தண்ணீரை நிறுத்தும் வால்வைப் பாதுகாப்பு வால்வுக்கு முன்னால்தான் வைக்கவேண்டும். ஒழுகும் நீரை ஒரு சிறு குழாய் மூலம் கீழ்நோக்கித் தரைச் சாக்கடைக்கு விடவேண்டும். அந்தக் குழாயின் முனை திறந்தே இருக்கட்டும்.

எந்தக் குழாய் நல்லது?

சாதாரண பி.வி.சி. குழாய் பச்சைத் தண்ணீருக்குத்தான் ஏற்றது. வெந்நீரில் அது இளகி வளையும். வெந்நீருக்கென்று வந்திருப்பது சி.பி.வி.சி. குழாய். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கலாம். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். அதில் ஐ.எஸ். 15778 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், ஏமாறவேண்டியதில்லை.

கடலும் கழிமுகமும் பக்கத்தில் இருப்பதால், கேளம்பாக்கம் வட்டாரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கிறது. கடின நீர் சூடேறினால் சுண்ணாம்பு படியும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் இப்படிப்பட்ட நீரில் துருப்பிடித்து உள்ளே குறுகிவிடும். திருகித் திருகி மூடும் வால்வும் இறுகிக்கொள்ளும். கால் சுற்றில் மூடும் பித்தளைப் பந்து வால்வு மேல். அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது கைப்பிடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உயரமான கட்டடங்களில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். தொட்டியிலிருந்து 10 மீட்டர் கீழே இறங்கினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் கூடும். பத்து மாடி இறங்கினால் மூன்று கிலோவாகிவிடும்! கீசர் எவ்வளவு தாங்கும் என்பது அதன் தகட்டில் போட்டிருக்கும். அதற்கு மேல் போனால் அழுத்தம் குறைக்கும் வால்வு வைக்கவேண்டும்.

இன்ஸ்பெக்டர் வரமாட்டார்

1863ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போயின. மறு ஆண்டே அந்நகரப் பாய்லர்களைச் சோதிக்க வங்காளத்தில் சட்டம் வந்தது. 1923ல் இந்தியா முழுமைக்குமான சட்டம் பிறந்தது. அதன் இடத்தில் 2025ல் புதிய சட்டம் வந்திருக்கிறது. தொழிற்சாலைப் பாய்லரை அதிகாரிகள் வந்து சோதிக்கிறார்கள்.

ஆனால் 100 டிகிரிக்குக் குறைவாகத் தண்ணீரைச் சூடாக்கும் வீட்டுக் கலம் அந்தச் சட்டத்துக்குள் வராது. அதைப் பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும்தான் இன்ஸ்பெக்டர்கள்!

குழாய்க்காரர் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பும்போது, “பாதுகாப்பு வால்வு எங்கே? அதன் வாய் திறந்திருக்கிறதா?” என்று கேளுங்கள். அவர் கையால் தொட்டுக் காட்டிய பிறகு கூலியைக் கொடுங்கள்.