கலமென்சவ்வைத் துளைக்கும் நச்சுப்புரதங்கள்

1928ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள், அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்துப் பண்டபேர்க் நகரிலே 21 சிறார்க்குத் தொண்டைக்கரப்பன் தடுப்பூசி ஏற்றப்பட்டது. மிகக் குறுகிய நேரத்துள் அவர்களுள் 12 பேர் இறந்தனர். தடுப்புமருந்தே நஞ்சாயிற்றோ என ஐயுற்ற மக்கள் அதனை ஏற்றுக்கொள்ள அஞ்சினர். சார்ள்ஸ் கெலவே தலைமையிலான அரச ஆணைக்குழு உண்மையைக் கண்டறிந்தது. கிருமிநாசினி சேர்க்கப்படாது, முன்னரும் சில நாட்களிற் பயன்படுத்தப்பட்ட அம்மருந்துப் புட்டியினுள் ஸ்ரபிலோகொக்கசு ஓரியசு எனும் பற்றீரியம் பெருகியிருந்தது.

இப்பற்றீரியம் நம்முட் பலரின் மூக்கிலும் தோலிலும் தீங்கின்றி வாழ்வது. அவ்வாறாயின் அது கொல்வது எவ்வாறு? இவ்வினாவே கெலவேயின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய மக்பர்லேன் பேர்னற்றை அதன் நஞ்சின்பால் ஈர்த்தது. பிற்காலத்தில், 1960இல், நோபெல் பரிசு பெற்றவரும் இவரே.

அந்நஞ்சு இன்று அல்பா தொட்சின் எனப்படுகின்றது. 293 அமினோவமிலங்களாலான இப்புரதம் நீரிற் கரைவது, கலமென்சவ்வோ கொழுப்பாலானது. நீரிற் கரையும் பொருள் கொழுப்பினுள் நுழைவதெங்ஙனம் என்பதே இங்கு நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய நுட்பமாகும். தனித்தனியே வந்து சவ்விற் படியும் மூலக்கூறுகள் ஏழு ஒன்றுகூடி வளையமாகின்றன. பின்னர் ஒவ்வொன்றும் தன்னுள் மடித்து வைத்திருந்த ஒரு பகுதியை விரித்து இரண்டு இழைகளைக் கீழ்நோக்கிச் செலுத்துகின்றது. இப்பதினான்கு இழைகளும் சேர்ந்து பீப்பாய்ப் பலகைகள்போல் ஒரு குழாயை அமைக்கின்றன. கொழுப்பை விரும்பும் பக்கம் வெளியேயும் நீரை விரும்பும் பக்கம் உள்ளேயும் அமைவதால் சவ்வினூடே நீர்வழியொன்று திறக்கின்றது. 1996இல் வெளியான பளிங்கமைப்பு ஆய்வு இதனைக் காளான் வடிவினதாகக் காட்டிற்று.

துளையின் மிகவொடுங்கிய பகுதி ஏறக்குறைய 1.4 நனோமீற்றர் மாத்திரமே. புரதங்கள் இதனூடு வெளியேறா. ஆயினும் பொற்றாசியம் அயன்கள் வெளிச்செல்லச் சோடியமும் கல்சியமும் உட்புகுகின்றன. பிரசாரணத்தால் நீரும் புகச் செங்குழியம் வீங்கி வெடிக்கின்றது. பாடநூல்கள் பல இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. கருவுள்ள கலங்களில் நிகழ்வது இதனினும் நுண்ணியது எனக் கருதுகின்றோம். அடாம் 10 எனும் நொதியமொன்று இக்கலங்களின் மேற்பரப்பில் இயல்பாகவே உள்ளது. தொட்சின் பற்றிக்கொள்ளும் வாங்கி அதுவே என 2010இல் அறியப்பட்டது. உட்புகும் கல்சியத்தால் ஏவப்படும் இந்நொதியம் அயற்கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கட்கேரின் புரதத்தை வெட்டுகின்றது. நுரையீரலின் மேலணியும் குருதிக்கலன்களின் அகவணியும் இவ்வாறே நெகிழ்கின்றன. வீட்டாரின் கத்தரிக்கோலையே கள்வன் எடுத்தாளுவது போன்றதிது!

நியூமோகொக்கசின் நச்சு வேறு வகையினது. கொலத்தரோலைப் பற்றிக்கொள்ளும் அதன் மூலக்கூறுகள் 30 தொடக்கம் 50 வரை இணைந்து மிகப் பெருந்துளையை இடுகின்றன. அது பெரும்பாலும் பற்றீரியம் சிதையும்போதே வெளிப்படுவது. ஆதலின் கலச்சுவரைச் சிதைக்கும் பென்சிலின், நோயைத் தீர்க்கும் அதேவேளை நஞ்சையும் அவிழ்த்துவிடக்கூடும். பற்றீரியத்தின் புரதத் தொகுப்பைத் தடுக்கும் கிளிண்டமைசினைக் கடுமையான ஸ்ரபிலோகொக்கசுத் தொற்றுகள் சிலவற்றில் மருத்துவர் துணைமருந்தாகச் சேர்ப்பதன் நோக்கமும், நஞ்சு உருவாகுமுன்னரே அதனை நிறுத்துவதாகும்.