ஊறுற்ற பிள்ளையும் உற்ற துணையும்

பிள்ளையொன்று பெருங்காயமுற்று வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அன்று மாலை அவ்வீட்டு முற்றத்தில் நிற்க இடமிராது. அயலவர் சமைத்துக் கொண்டுவருவர். உறவினர் தூரத்து ஊர்களிலிருந்து பேருந்தேறி வருவர். கோயிலில் அருச்சனை நடைபெறும். முன்னர்க் கடன் கொடுக்க மறுத்தவனும் கேளாமலே காசு கொண்டுவந்து நீட்டுவான். மூன்று திங்கள் கழித்து அதே முற்றத்திற் சென்று பார்ப்பின் ஒருவரையுங் காண்டல் அரிது. பிள்ளை வீடு திரும்பிவிட்டது, புண் ஆறிவிட்டது, ஆகவே துன்பமும் தீர்ந்துவிட்டது என்று ஊர் எண்ணிக்கொள்கின்றது. உண்மையில் அக்குடும்பத்தின் நெடுந்துன்பம் அப்பொழுதே தொடங்குகின்றது. துணை மிகுதியாகக் கிடைக்குங் காலமும், துணை மிகுதியாக வேண்டப்படுங் காலமும் ஒன்றல்ல என்பதே இப்பொருள்பற்றி ஆராய்வோர் முதற்கண் உணரவேண்டியதாம்.

காயங்கள் பல வகையின. தலையில் அடிபட்ட பிள்ளையின் தேவை வேறு. தீப்புண்பட்ட பிள்ளையின் தேவை வேறு. ஈண்டுக் கால் இழந்த சிறுவரின் நிலையே எடுத்துக்கொள்ளப்படுகின்றது. இலங்கையின் வடபகுதி அத்துன்பத்தை மிக அண்மையிலிருந்து கண்ட பகுதியாகும். போர் 2009 இல் முடிவுற்றபோதும் நிலத்திற் புதைந்த மிதிவெடிகள் முடிவுறவில்லை. விறகு பொறுக்கவும், ஆடு மாடு சாய்க்கவும், பழைய இரும்பு சேர்க்கவும் சென்ற பிள்ளைகள் அவற்றுக்கு இரையாயினர். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 இறுதியிற் சேர்ந்தது. இன்று அவ்விபத்துக்கள் அருகியுள்ளன. எனினும் வீதி விபத்துக்களும், புகையிரதக் கடவையில் நிகழ்வனவும், நோயினால் நேர்வனவும் அவ்விடத்தை வெறுமையாக விட்டுவிடவில்லை.

வைத்தியசாலையிலிருந்து தொடங்குவோம். பிள்ளையின் கட்டிலருகே தாய் இருத்தல் இந்நாட்டவர்க்கு இயல்பான செய்தி. மேனாட்டில் அது போராடிப் பெறவேண்டியதாயிற்று. இங்கிலாந்தின் வைத்தியசாலைகள் பலவற்றில் ஒரு காலத்திற் பெற்றோர் வாரத்திற்கு ஓரிரு முறையே பிள்ளையைக் காண இசைவு பெற்றனர். பெற்றோர் வந்து சென்றாற் பிள்ளை அழும். அழுகை விடுதியின் ஒழுங்கைக் கெடுக்கும் என்பது அவர் கூறிய காரணம். ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர் 1952 இல், தாயைப் பிரிந்து வைத்தியசாலையிற் கிடந்த இரண்டு வயதுச் சிறுமியொருத்தியைப் படம்பிடித்துக் காட்டினார். அழாதிருந்த பிள்ளை அமைதியுற்ற பிள்ளையன்று, நம்பிக்கை இழந்த பிள்ளை என்பதை அப்படங் கண்டவர் உணர்ந்தனர். வைத்தியருட் பலர் ஏற்க மறுத்துச் சினந்தனர் என்பதும் உண்மை. 1959 இல் சேர் ஹரி பிளாற் தலைமையில் அமைந்த குழு, பெற்றோர் தடையின்றிப் பிள்ளையைக் காணவும், இளங்குழந்தையாயின் தாய் உடன் தங்கவும் வழிசெய்யவேண்டும் என விதந்துரைத்தது. இங்கு தாய்மார் கட்டிலடியிற் பாய் விரித்துக் கிடந்து ஆற்றிய பணிக்கு அங்கே ஓர் அறிக்கை தேவைப்பட்டது!

ஆயினும் தாய் உடனிருக்கின்றாள் என்பதனால் எல்லாம் நிறைவெய்திவிட்டதெனக் கொள்ளலாகாது. அவளைத் தாங்குவார் யார்? அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியத்திற்குக் கட்டணமில்லை. ஆயின், பேருந்துக் காசு, கடையுணவு, தந்தை இழக்கும் நாட்கூலி என்பன இலவசமல்ல. வீட்டில் விடப்பட்ட ஏனைய பிள்ளைகள் பாட்டியிடமோ அயலாரிடமோ உண்டு உறங்குகின்றனர். இந்நிலையில் உதவ விரும்புவோர், “ஏதும் தேவையென்றாற் சொல்லுங்கள்” என்று கூறிச் செல்லுதல் பயனற்றது. துன்புற்றவர் தேவையைச் சொல்லமாட்டார். இரண்டு மணிநேரம் கட்டிலருகே தாம் இருந்து தாயைக் குளித்து உறங்கிவர அனுப்புவோரும், இளைய பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்வோரும், ஆட்டுக்குக் குழை போடுவோருமே உண்மையில் உதவியவராவர்.

நாவினாற் செய்யப்படும் தீங்கு இக்காலத்தில் மிகுதி. எப்படி நடந்தது, ஏன் அங்கே விட்டாய், நீ எங்கே போயிருந்தாய் என வருவோரெல்லாம் வினவுவர். இவ்வினாக்களை அத்தாய் தன்னைத்தானே ஆயிரமுறை வினவி முடித்திருப்பாள். விதி என்று சொல்லி ஆறுதல் கூறுவோரும் உளர். பெரியோர் தமக்குள்ளே சொல்லிக்கொள்ளும்போது அச்சொல் ஆறுதல் அளித்தல் கூடும். பத்து வயதுப் பிள்ளையின் செவியில் விழும்போது, தான் ஏதோ குற்றஞ்செய்து தண்டிக்கப்பட்டதாகவே அஃது ஒலிக்கும். இன்னொரு தவறு, கால் அகற்றப்பட்ட செய்தியைப் பிள்ளைக்கு மறைத்தல். போர்வையின் கீழ் உள்ளதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். அவ்வேளை பெற்றோர் பொய்யுரைத்தனர் என்ற நினைவும் காயத்தோடு சேர்ந்துகொள்ளும். வைத்தியரோ தாதியோ பக்கத்தில் இருக்க, எளிய சொற்களிற் பெற்றோரே கூறுதல் நன்று.

இல்லாத கால்விரல் நோகின்றது எனப் பிள்ளை அழுமாயின் வீட்டார் திகைப்பர். பேய் பிசாசு என அஞ்சுவாரும் உண்டு. அறுக்கப்பட்ட உறுப்பு இருப்பதுபோலத் தோன்றுதலும் நோதலும் வைத்தியர் நன்கறிந்தவை. அமெரிக்க வைத்தியராகிய வியர் மிச்சல் உள்நாட்டுப் போரிற் காயமுற்ற வீரரிடம் இதனைக் கண்டு 1871 இற் பெயரிட்டெழுதினார். மூளையில் அக்காலுக்குரிய பகுதி இன்னும் இருத்தலின் அவ்வுணர்வு எழுகின்றது. தமிழ்நாட்டிற் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990 களில் ஒரு சாதாரண முகக்கண்ணாடியைக் கொண்டு இந்நோவைத் தணிக்க முயன்றார். நலமான உறுப்பின் பிம்பம் இழந்த உறுப்பின் இடத்திலே தோன்றுமாறு கண்ணாடியை நிறுத்தி, இரண்டையும் அசைப்பதாக எண்ணி அசைக்கச் செய்வது அவர் முறை. எல்லார்க்கும் அது பயன்தருவதில்லை, சிலர்க்குப் பயன்பட்டது. முறை எதுவாயினும், நோவு மெய்யானது, பிள்ளை நடிக்கவில்லை என்று வீட்டார் அறிந்துகொள்வதே பாதிச் சுமையை இறக்கிவிடும்.

அடுத்து வருவது செயற்கைக்கால். இதன் வரலாறு நம்மவர்க்கு உரிய படிப்பினை நிறைந்தது. மேனாட்டுப் பொய்க்கால்கள் சப்பாத்து அணிந்து நாற்காலியில் இருப்போருக்காக ஆக்கப்பட்டவை. வயலிற் சேற்றில் இறங்குவோர்க்கும், குந்தியிருப்போர்க்கும், வெறுங்காலோடு கோயிலுட் செல்வோர்க்கும் அவை பயன்படவில்லை. பலர் அவற்றை வீட்டு மூலையிற் சாத்திவிட்டுக் கக்கத்தடியோடு நடந்தனர். இந்தியாவில் ஜெய்ப்பூர் நகரில், என்பு வைத்தியர் பி. கே. சேதியும், பள்ளிப்படிப்பு மிகுதியில்லாத கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் 1960 களின் இறுதியில் இதற்கு விடை கண்டனர். பஞ்சு போன்ற றப்பரும் மரமும் உள்ளே அமைய, வெளியே கெட்டியான றப்பர் தோல்போல மூடியிருக்க, மனிதப் பாதத்தின் வடிவும் நிறமும் உடையதாய் அவர்கள் செய்த பாதம் நீரில் நனையலாம், பல திசையில் வளையும், சப்பாத்து வேண்டாது. வைத்தியர் சேதிக்கு 1981 இல் மக்சேசே விருது கிடைத்தது. அறிவு வைத்தியருடையது, கை கைவினைஞருடையது என்று பிரித்துரைப்போர் உளர். அவ்வறிவும் பெரும்பாகம் கைவினைஞருடையதே எனல் மிகையாகாது.

அப்பாதம் 1985 இல் கொழும்பு வந்தது. 1987 இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கப்பெற்றது. கொழும்பில் அதனைத் தொடங்கியது சிநேக உதவிச் சங்கம். யாழ்ப்பாண வைத்தியசாலையும் 1850 இல் அப்பெயர் பூண்ட சங்கத்தின் வைத்தியசாலையாகவே தோன்றியதென்பது இன்று பலர் மறந்த செய்தி. இடுக்கணுற்றார்க்கு நட்பு என்னும் பொருள்பட அச்சங்கங்களுக்கு இட்ட பெயர் பொருத்தமானதே.

பெரியவர்க்குப் பொருத்திய காலுக்கும் பிள்ளைக்குப் பொருத்திய காலுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. பெரியவர் ஒரு செயற்கைக்காலைச் சில ஆண்டுகள் அணிவர். பிள்ளை வளர்கின்றது, ஆதலின் ஆறு திங்களுக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை அதனை மாற்றவேண்டும். 10 வயதிற் கால் இழந்த பிள்ளை மேலும் 40, 50 ஆண்டுகள் வாழுமாயின் ஏறத்தாழ 25 செயற்கைக்கால்கள் தேவைப்படும் என்பது சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் கணிப்பு. அன்றியும், வளரும் வயதில் வெட்டுண்ட என்பின் நுனி தசையினும் விரைந்து வளர்ந்து தோலை உறுத்தும். அதனைக் குறைக்க மீண்டுஞ் சத்திரசிகிச்சை செய்ய நேரும். இவற்றைப் பெற்றோர் முன்னரே அறிந்திருப்பின், இரண்டாஞ் சத்திரசிகிச்சையை முதலாவது பிழைத்துப்போனதன் விளைவெனக் கருதிக் கலங்கார். ஊரார் ஒருமுறை நிதி திரட்டிக் கால் வாங்கிக் கொடுத்துப் படமும் பிடித்துக்கொள்வர்; அக்கால் மறு ஆண்டு சிறுத்துப்போகும். ஒருமுறை தரும் பெருந்தொகையினும், ஆண்டுதோறும் நிலையத்துக்குச் சென்று வருவதற்கான சிறுதொகையும் உடன் செல்ல ஓர் ஆளுமே பிள்ளைக்கு வேண்டியவை.

அரசாங்க உதவியை நாடும் வழியும் அறியப்படவேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்பத்திரமும் வைத்திய அறிக்கையும் கொண்டு பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரைக் காணுதல் முதற்படி. உடல் ஊனமுற்றோரின் உரிமைகளைக் காக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தைக் காரணமாகக் காட்டிக் கல்வி நிலையத்திற் சேர்க்க மறுத்தலைத் தடை செய்கின்றது. வீதி விபத்தாயின் மற்றொன்றுங் கவனிக்கத்தக்கது. மூன்றாந் திறத்தார்க்கான காப்புறுதி மோட்டார் வண்டிகளுக்குக் கட்டாயமானது. வண்டியுடையார் முதல் வாரத்திலேயே ஒரு சிறு தொகையுடன் வந்து, வழக்கு வேண்டாம் என எழுதி வாங்க முற்படுதல் பலவிடத்தும் நிகழ்கின்றது. பிள்ளையின் வாழ்நாள் முழுவதற்குமான செலவு எவ்வளவென ஒருவரும் அறியாத அவ்வேளையிற் கையொப்பமிடுதல் கூடாது. பராயமடையாத பிள்ளையின் சார்பில் அடுத்த நண்பராய்ப் பெற்றோர் வழக்கிடலாம். பணமில்லாதார்க்கு 1978 இன் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு துணைநிற்கும். ஊரிலுள்ள உபாத்தியாயரோ, இளைப்பாறிய எழுதுவினைஞரோ விண்ணப்பங்களை எழுதிக்கொடுத்துப் பிரதிகளை ஓர் உறையில் இட்டுவைப்பாராயின் அதனினுஞ் சிறந்த உதவி அரிது.

பாடசாலையே அடுத்த களம். மீண்டுவரும் நாளுக்கு முன்னரே வகுப்பு மாணாக்கரிடம் ஆசிரியர் செய்தியைத் தெளிவாகக் கூறிவிடுதல் வேண்டும். அன்றேல் முதல்நாள் முழுவதும் அப்பிள்ளை காட்சிப்பொருளாகும். மேல்மாடியில் நடக்கும் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுதல், மலசலகூடத்திற் பிடித்தெழ ஒரு கம்பி பொருத்துதல் என்பன பெருஞ்செலவில் ஆவனவல்ல. விளையாட்டுப் பாடத்தின்போது அப்பிள்ளையை மரநிழலிற் புத்தகப்பைகளுக்குக் காவலிருத்துதல் எங்குங் காணப்படும் பழக்கம். மதிப்பெண் குறிப்பதும், துடுப்பாட்டத்தில் மத்தியத்தஞ் செய்வதும், பந்தை எறிவதுந் தாமும் அவற்றுக்குரியரெனக் காட்ட அவருக்குக் கிடைக்கும் வாய்ப்புக்களாம். மற்றொருபுறம், இரக்கத்தால் வீட்டுவேலையை மன்னித்தலும் தீங்கே.

வீட்டில் ஊறுபடாத பிள்ளையொன்றும் உண்டு என்பதை யாவரும் மறந்துவிடுகின்றனர். தம்பிக்குக் கால் போயிற்று, அக்காளுக்குத் தாய் போய்விட்டாள் என்னும்படி ஆகின்றது நிலை. அவள் சமைக்கின்றாள், தண்ணீர் அள்ளுகின்றாள், சோதனையிற் புள்ளி குறைந்தமைக்குக் காரணம் கேட்கப்படுகின்றாள். அவளை ஒரு மாலையேனும் அழைத்துச்சென்று, தம்பியைப்பற்றி ஒன்றும் வினவாது, அவளைப்பற்றி வினவுவோர் வேண்டும்.

இவையெல்லாவற்றினும் மேலான துணை, அவ்வழியே முன்னர் நடந்தவரிடமிருந்து வருவது. நடனமாதாகிய சுதா சந்திரன் 1981 இல் திருச்சிராப்பள்ளிக்கு அண்மையில் நேர்ந்த பேருந்து விபத்தின் பின் ஒரு காலை இழந்தபோது பதினாறு வயதினர். ஜெய்ப்பூர்ப் பாதம் அணிந்து பயின்று 1984 இல் மீண்டும் மேடையேறினார். பின் தம் கதையைக் கூறும் திரைப்படத்திலே தாமே நடித்தார். இக்கதை ஊக்கந்தருவதே. எனினும் புகழ்பெற்றார் கதையினும், இரண்டு ஊர் தள்ளியிருக்கும் ஒரு தாய் வந்து, தன் மகன் எந்தத் திங்களிற் சைக்கிள் ஓடினான், காலுறையின் வியர்வைப் புண்ணுக்கு எதைச் செய்தான் எனச் சொல்லுதல் பெற்றோர்க்குப் பெரிதும் உதவும். செயற்கைக்கால் நிலையத்தின் வாங்கில் தத்தம் முறைக்காகக் காத்திருக்கும் வேளையிலே இத்தகைய நட்புக்கள் பல உண்டாகின்றன.

அந்நிலையங்களிற் பெற்றோர் கற்றுக்கொள்ளும் எளிய வழக்கமொன்றுண்டு. பிள்ளையைக் காலணிவித்து நிமிர்ந்து நிற்கச் செய்து, இடுப்பின் இருபுறமும் கைவைத்துப் பார்ப்பர். ஒருபுறம் தாழ்ந்திருந்தால் வளர்ச்சி காலை முந்திவிட்டதென்பது தெளிவு. சில வீடுகளிற் கதவுநிலையிலே ஏனைய பிள்ளைகளின் உயரத்தோடு அப்பிள்ளையின் உயரத்தையுங் கரிக்கோடிட்டுக் குறித்து, பக்கத்தில் அடுத்த காலுக்குச் செல்லவேண்டிய திங்களை எழுதிவைப்பர்.