படம் எடுப்பதா, கை கொடுப்பதா?

தீபாவளி நெருங்கும் நேரத்தில் கெடாவில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ பாடாங் செராயிலோ ஒரு மண்டபம். மேடையில் அரிசி மூட்டை, சமையல் எண்ணெய், மாவுப் பொட்டலம் எல்லாம் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். வசதி குறைந்த குடும்பங்களின் பெயர் வாசிக்கப்படும். ஒரு மூதாட்டி மெல்லப் படியேறி வருவார். 5 கிலோ அரிசியை 5 பேர் சேர்ந்து பிடித்துக் கொள்வார்கள். "பாட்டி, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்பார் படம் பிடிப்பவர். பாட்டி பார்ப்பார். மூன்று படமாவது எடுத்த பிறகுதான் மூட்டை அவர் கைக்குப் போகும்.

ஏற்பாட்டாளர்களைக் கேட்டால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நன்கொடை கொடுத்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். படத்தைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு இன்னொருவர் கொடுக்க முன்வருவார். வாங்குகிறவருக்கோ அந்தப் படம் ஊரறிய ஒரு கூச்சம். துயரத்தில் இருப்பவரைப் படம் எடுக்கலாமா, எடுத்தால் அது யாருக்குப் பயன் என்ற கேள்விக்கு ஏறக்குறைய 150 ஆண்டு வயதாகிறது. அதில் நம்மவர்களின் பாட்டன் பூட்டன் கதையும் கலந்திருக்கிறது.

இந்தப் பேச்சு எழுந்தாலே எல்லாரும் முதலில் சொல்வது கெவின் கார்ட்டரின் கதையைத்தான். தென்னாப்பிரிக்கப் படப்பிடிப்பாளரான அவர், 1993 மார்ச் மாதம் தெற்கு சூடானின் ஆயோட் என்ற இடத்தில், பசியால் தரையில் சுருண்டு கிடந்த ஒரு குழந்தையையும் அதன் பின்னால் அமர்ந்திருந்த பிணந்தின்னிக் கழுகையும் படம் எடுத்தார். மார்ச் 26-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டது. 1994-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி, 33 வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையில் குழந்தையை அங்கேயே சாக விட்டுவிட்டு அவர் பரிசு வாங்கப் போனதாகவும், அந்தக் குற்ற உணர்வே அவரைக் கொன்றதாகவும் இருக்கும். நடந்தது வேறு. கழுகை அவர் விரட்டினார். படத்தை உற்றுப் பார்த்தால் குழந்தையின் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் வளையம் தெரியும். அது ஐ.நா. உணவு நிலையத்தில் பதிவானவர்களுக்குக் கட்டியது. அந்த நிலையம் அருகிலேயே இருந்தது. 2011-இல் ஸ்பெயின் நாட்டின் எல் முண்டோ நாளிதழ் அதே ஊருக்குப் போய் விசாரித்தபோது, அது ஆண் குழந்தை என்றும், பஞ்சத்தில் பிழைத்து வளர்ந்து, சில ஆண்டுகளுக்கு முன்தான் காய்ச்சலில் இறந்தான் என்றும் தந்தை சொன்னார். கார்ட்டரை வாட்டியவையும் பல: பணக் கஷ்டம், தம் நாட்டுக் கலவரங்களில் பார்த்த கொலைகள், 1994 ஏப்ரலில் சுடப்பட்டு இறந்த நெருங்கிய நண்பர். ஒரு மனிதரின் கதையை இத்தனை எளிதாகத் தீர்ப்பாக்கிவிட முடியாது.

இந்தத் தீர்ப்புக்கு உண்மையிலேயே உரியவர் ஒருவர் உண்டு. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற அந்த ஆங்கிலேயர், சென்னை இராணுவத்தின் குதிரைப்படை அதிகாரி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருஷப் பஞ்சத்தின் படங்கள் என்று இன்று புத்தகங்களிலும் இணையத்திலும் காண்பவற்றில் பல அவர் எடுத்தவை. எலும்பும் தோலுமான குடும்பங்கள் கேமராவின் முன் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருக்கும். அக்காலக் கேமராவுக்கு அசையாமல் இருக்க வேண்டும். அந்த மக்களுக்கோ அசையவே தெம்பில்லை. படம் முடிந்ததும் உணவோ உதவியோ இல்லாமல் அவர்களை அனுப்பிவிட்டார் என்ற பழி இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பழியை நம்ப வைப்பது அவருடைய பிற்காலச் செயல். 1886-இல் மண்டலேயில் பர்மியக் கைதிகளைச் சுட்டுக் கொன்றபோது, குண்டு பாயும் நொடியைப் படமெடுப்பதற்காகத் தண்டனையைத் தாமதப்படுத்தினார் என்ற புகாரில் அவர் மீது விசாரணையே நடந்தது.

அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான கணிப்பு. நிவாரண வேலைக்கு வந்த கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கணக்குப் போட்ட காலம் அது. அந்தப் பஞ்சமும் அதன் பின் வந்த வறுமையும் தள்ளிய கூட்டத்தில் ஒரு பகுதி நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, கெடாவின் எல்லையிலிருந்த புரோவின்ஸ் வெல்லஸ்லி கரும்புத் தோட்டங்களுக்கு வந்தது. பிறகு ரப்பர் வந்தது, கங்காணி வந்தார், கெடாவின் தோட்டங்கள் நிறைந்தன. ஹூப்பரின் படங்களில் இருக்கும் பெயர் தெரியாத முகங்களுக்கும் லூனாஸ், பீடோங் வட்டாரத்துக் குடும்பங்களுக்கும் உள்ள தூரம் நான்கைந்து தலைமுறைதான்.

படம் உண்மையிலேயே உயிர் காக்க உதவியதைக் காண 1943-க்கு வர வேண்டும். இடம், வங்காளம்.

ஜப்பானியர் 1942-இல் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று கரையோரப் பகுதிகளில் அரசே நெல்லை அகற்றியது, ஆயிரக்கணக்கான படகுகளைப் பறித்தது. படகு போனதும் மீனவன் பிழைப்பும் போனது. அக்டோபரில் மேதினிப்பூர் கரையைப் புயல் தாக்கியது. யுத்தச் செலவால் விலை ஏறியது. வாங்க முடிந்தவன் பதுக்கினான். அடுத்த ஆண்டு கிராமத்து ஏழைகள் கல்கத்தா நடைபாதைகளில் விழுந்து இறந்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 30 லட்சம் பேர் மாண்டதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அரசாங்க விசாரணைக் குழு ஒத்துக்கொண்டது 15 லட்சம்.

இத்தனைக்கும் அரசு அதைப் பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. காரணம் எளிது. பஞ்சம் என்று அறிவித்தால் பஞ்ச விதித் தொகுப்பின்படி நிவாரணம் கொடுத்தே ஆக வேண்டும். பத்திரிகைகளுக்கும் யுத்தகாலக் கட்டுப்பாடு இருந்தது. எழுதினால் வெட்டுவார்கள். ஆனால் அந்த விதிகளை எழுதியவர்கள் புகைப்படத்தைப் பற்றி யோசிக்க மறந்துவிட்டார்கள். ஸ்டேட்ஸ்மன் நாளிதழின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் அந்தச் சந்தைக் கண்டுபிடித்தார். படப்பிடிப்பாளர்களைத் தெருவுக்கு அனுப்பினார். 1943 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை, கல்கத்தா நடைபாதைக் காட்சிகள் பத்திரிகையில் வந்தன. அடுத்த வாரம் இன்னும் வந்தன. இத்தனைக்கும் அது வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகை. பொய்ப் பிரச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. செய்தி டில்லி, லண்டன், வாஷிங்டன் வரை போனது. அக்டோபரில் புதிதாக வந்த வைஸ்ராய் வேவல், நேரே கல்கத்தா போய்ப் பார்த்துவிட்டு, நிவாரணத்தில் இராணுவத்தை இறக்கினார்.

நகரத்தை ஸ்டேட்ஸ்மன் காட்டியது. கிராமத்தைக் காட்டியவர் சுனில் ஜானா. 1918-இல் அசாமில் பிறந்து, கல்கத்தாவில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த இளைஞர். படம் எடுப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் பி.சி. ஜோஷி அவரைப் பஞ்சப் பகுதிகளுக்கு அழைத்துப் போனார். சித்தப்பிரசாத் என்ற ஓவியரும் அந்தக் கிராமங்களை நடந்தே பார்த்து வரைந்தார். அவருடைய சித்திரப் புத்தகத்தை அரசு பறிமுதல் செய்து எரித்தது. ஜானாவின் படங்கள் கட்சியின் பத்திரிகையில் வந்து நாடெங்கும் பரவின. நிவாரண நிதி திரட்டவும் பயன்பட்டன. அதோடு அவர் படிப்பை விட்டார், படமே வாழ்க்கையானது. 2012-இல் பத்ம பூஷண் விருது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் காலமானார்.

ஹூப்பரும் ஜானாவும் எடுத்தவை ஒரே மாதிரியான படங்கள்தாம். ஒட்டிய வயிறு, குழிந்த கண். வேறுபாடு, படம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதில் இருக்கிறது. ஒன்று ஆல்பத்துக்குப் போனது. மற்றொன்று கஞ்சித் தொட்டிக்கு அரிசி கொண்டுவந்தது.

இப்போது அதே 1943-ஐக் கெடாவில் பார்க்கலாம். பர்மா அரிசி நின்றதால் இங்கேயும் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு ஜப்பானியர் ஆள் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000-க்கும் மேல், பெரும்பாலும் தோட்டத் தமிழர்கள். சயாம் எல்லையை ஒட்டிய கெடாவின் தோட்டங்களிலிருந்தும் லாரியிலும் ரயிலிலும் ஏற்றப்பட்டார்கள். கல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் அந்தப் படங்களை அச்சடித்த அதே மழைக்காலத்தில், காட்டு முகாம்களில் காலரா கண்டு நம்மவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். அக்டோபரில் பாதை முடிந்தது. அதே மாதம் கெடாவும் சயாமின் கைக்கு மாற்றப்பட்டது.

அந்த முகாம்களில் ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியப் போர்க்கைதி, ஒரு சிறிய கோடக் கேமராவை மறைத்து வைத்துத் தம் தோழர்களைப் படம் எடுத்தார். பிடிபட்டால் தலை போகும். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல், படம், காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை எல்லாம் உண்டு. தமிழர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. பிற்காலத்தில் மலேசியாவில் இந்தச் சோகம் ஆவணப்படமானபோது, பிழைத்து வந்த முதியவர்களின் வாய்மொழியைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. கெடாவின் பழைய குடும்பங்களில் 'சயாமுக்குப் போனவர்' என்று ஒரு தாத்தாவைச் சொல்வார்கள். படத்தைக் கேட்டால் இருக்காது. ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுக்க அன்றைய கூலியில் யாரால் முடிந்தது? திதி கொடுக்கும் நாளில் வெறும் குத்துவிளக்கின் முன்தான் இலை போடுவார்கள்.

முகம் இருந்தால் என்ன நடக்கும் என்பதை ரெஸா காட்டினார். ஈரானில் 1952-இல் பிறந்து, 1981-இல் நாட்டைவிட்டு வெளியேறி பாரிசில் வாழும் படப்பிடிப்பாளர் அவர். ருவாண்டாவில் 1994-இல் நடந்த இனப்படுகொலைக்குப் பின் லட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி அன்றைய சயீர் நாட்டின் கோமா நகருக்கு ஓடினார்கள். ஓட்டத்தில் பெற்றோரைத் தொலைத்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். உதவி அமைப்புகள் பெயர்ப் பட்டியல் போட்டன. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்குத் தன் அப்பா பெயர் 'அப்பா'தான். ஊர் பெயர் தெரியாது. பெயரே தெரியாத குழந்தைக்குப் பட்டியல் எதற்கு உதவும்? தாய்க்கோ முகம் ஒன்று போதும்.

1996-இல் ரெஸா அங்கே போய், அகதிகளுக்கே கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். குழந்தைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து, எண் கொடுத்து, முகத்தைப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் முகாம்களில் வரிசையாக மாட்டப்பட்டன. பெற்றோர் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ஏறக்குறைய 12,000 குழந்தைகளைப் படம் எடுத்ததில் 3,000-க்கும் மேற்பட்டோர் குடும்பத்தோடு சேர்ந்தார்கள். கலை என்று பார்த்தால் அடையாள அட்டைப் படம் போன்றவைதான். பிறகு 2001-இல் ஆப்கானிஸ்தானில் ஐனா என்ற அமைப்பைத் தொடங்கி, பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் படத் தொழிலும் பத்திரிகைத் தொழிலும் சொல்லிக்கொடுத்தார். வெளியூர்க்காரர் வந்து எடுத்துப் போவதைவிட, உள்ளூர்க்காரரே எடுக்கட்டும் என்பது அவர் போக்கு.

இதெல்லாம் தூர தேசத்துக் கதை என்று கெடாக்காரர்கள் சொல்ல முடியாது. 2015 மே மாதம் லங்காவியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா, வங்காளதேச மக்கள் படகுகளில் வந்து இறங்கினார்கள். பிறகு சீக் வட்டாரத்திலுள்ள பெலாந்தேக் தடுப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். மே 14-ஆம் தேதி, லங்காவிக்குச் சற்று வடக்கே தாய்லாந்துக் கடலில், ஏஎஃப்பி நிறுவனத்தின் கிறிஸ்டோஃப் அர்ஷம்போ இன்னொரு படகைப் படம் எடுத்தார். ஹெலிகாப்டர் போட்ட உணவுப் பொட்டலங்களுக்காக எலும்பான இளைஞர்கள் கடலில் குதித்து நீந்தும் காட்சி அது. அதுவரை படகுகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நாடுகள் மீது நெருக்குதல் கூடியது. மே 20-ஆம் தேதி புத்ராஜெயாவில் கூடிய பேச்சில், தற்காலிக அடைக்கலம் தர மலேசியாவும் இந்தோனேசியாவும் இணங்கின. படம் ஒன்றே இதைச் செய்தது என்று சொன்னால் மிகையாகும். படம் இல்லாமல் இத்தனை விரைவாக நடந்திருக்காது என்று சொன்னால் பிழையில்லை.

திரும்பவும் அந்த மண்டபத்துக்கு வரலாம். சில இயக்கங்கள் இப்போது பொருளை மட்டும் படம் எடுக்கின்றன. சில, முதுகுப் பக்கத்திலிருந்து எடுக்கின்றன. சில, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீதில் கையெழுத்து மட்டும் வாங்குகின்றன. கணக்குக் காட்ட அதுவே போதுமானது. படம் வேண்டும் என்றால், மேடையில் ஏற்றிய பிறகு கேட்பதைவிட வீட்டு வாசலிலேயே "எடுக்கலாமா பாட்டி" என்று கேட்பது பெரிய வேலை அல்ல. வேண்டாம் என்று அவர் சொன்னாலும் மூட்டை அவருக்குத்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

எடுக்கலாம் என்று அவர் சொன்னால், ஐந்து பேரும் நகர்ந்துகொள்ளட்டும். நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு பாட்டி தனியாக உட்காரட்டும். கடையில் கொடுத்துக் கழுவினால் சில ரிங்கிட்தான். அந்தப் படத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தால், வீட்டில் அவருக்கென்று இருக்கும் ஒரே நல்ல படம் அதுவாகவே இருக்கக்கூடும்.