சரிகையும் இதயத் துடிப்பும்

பட்டு இழையின் மீது தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே அசல் சரிகை. காஞ்சிபுரத்தாருக்கு இதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. அந்த வெள்ளி மின்சாரத்தையும் கடத்தும் என்பதே எங்களுக்கு வேண்டிய செய்தி. 1997-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் துணியிலேயே மின்சுற்று அமைத்துக் காட்டினர். அவர்கள் கையாண்டவற்றுள் ஒன்று, செப்புத் தகடு சுற்றிய இழையோடு இந்தியாவில் நெய்யப்பட்ட பட்டுத் துணி.

இதயத்தின் மின்னலை தோலை வந்தடையும்போது ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்தான். உலர்ந்த தோல் அதையும் தடுக்கும். ஆகவேதான் நூறாண்டுகளுக்கு முன் ஐந்தோவன், நோயாளியின் கைகால்களை உப்புநீர்த் தொட்டிகளில் வைத்துப் பதிவு செய்தார். இன்று அந்த வேலையைப் பசைவில்லைகள் செய்கின்றன.

தறியில் அமரும்போது மட்டும் படபடப்பு வரும் நெசவாளரைப் படுக்கவைத்துச் சில விநாடிகள் ஈ.சி.ஜி. எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. ஒருநாள் முழுதும் ஹோல்டர் கருவியை மாட்டினால், வியர்வையில் வில்லை கழன்றுவிடும். சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். வெள்ளி பூசிய இழையால் ஆன மார்புப்பட்டை இங்கே கைகொடுக்கிறது. வில்லைக்குப் பகையான வியர்வை, துணிக்கு நட்பு. பசையின் பணியை அதுவே செய்கிறது.

குறையும் உண்டு. நாடா எறியும் கையசைவில் பட்டை நழுவினால், பதிவில் எழும் கிறுக்கல் சில வேளை ஆபத்தான துடிப்பைப் போலவே தோன்றும். எனவே படபடப்பு வந்த நேரத்தையும் அப்போது செய்த வேலையையும் குறித்து வையுங்கள்; எங்களுக்கு அது பெரிதும் உதவும். மார்பில் எண்ணெய், பவுடர், சந்தனம் வேண்டா. அணியுமுன் பட்டையின் உட்புறத்தைச் சிறிது நீரால் நனையுங்கள். வெளுப்புத்தூள் இட்டுத் துவைத்தால் வெள்ளி கெடும்.

இப்பட்டை துடிப்பின் ஒழுங்கைக் காட்டுமேயன்றி, மாரடைப்பு இல்லை என்று உறுதி சொல்லாது. மார்பில் வலியோ அழுத்தமோ தோன்றினால் பதிவைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

மற்றொன்று: எம்.ஆர்.ஐ. அறைக்குள் இப்பட்டையும் கூடாது, சரிகைப் புடவையும் கூடாது. உலோக இழை சூடேறித் தோலைச் சுடக்கூடும். திருமண வீட்டிலிருந்து நேரே வருவோர், மாற்று உடை தருமாறு எங்கள் செவிலியரைத் தயங்காமல் கேளுங்கள்.