புஜ்ஜி பேசிய தமிழ்

சன் குழுமம் 2007 ஏப்ரலில் குழந்தைகளுக்கான தமிழ்ச் சேனலாகச் சுட்டி டிவியைத் தொடங்கியது. அதன் வெற்றிக்குக் கார்ட்டூனைவிட டப்பிங்தான் காரணம் என்பேன். டோராவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித்தந்த அந்தச் சிறுமி, இங்கே தமிழில் பேசி ஆங்கிலம் கற்றுத்தந்தாள். அவளுடைய குரங்குக்குப் புஜ்ஜி என்று செல்லப்பெயர் விழுந்தது. அன்றைய வாண்டுகள் வளர்ந்து கல்லூரிக்குப் போன பிறகும் அந்த வசனங்கள் மீம்களில் உயிரோடு இருக்கின்றன. வெறும் மொழிபெயர்ப்புக்கு இந்த ஆயுள் கிடைக்காது. சூத்திரம் பலித்ததால் 2009-இல் தெலுங்கில் குஷி டிவி, கன்னடத்தில் சிண்டு டிவி, 2011-இல் மலையாளத்தில் கொச்சு டிவி என்று குடும்பம் பெருகியது.

இரவல் கதைதானே, இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அனிமேஷனை ஒவ்வொரு சட்டகமாக உருவாக்கும் செலவை ஒரு மொழியின் விளம்பர வருவாய் தாங்குவது கடினம். உரிமை வாங்கிக் குரல் கொடுப்பதற்கு அதில் சிறு பங்கே போதும். அதற்காகச் சொந்தத் தயாரிப்பே கட்டுப்படியாகாது என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. 2000களின் நடுவில் சன் டிவியில் ஓடிய ‘மை டியர் பூதம்’ தமிழிலேயே எழுதி, நடிகர்களை வைத்து எடுத்த தொடர். சாதாரணக் கிராஃபிக்ஸ்தான், பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. அனிமேஷனுக்குப் பணம் தடை என்றால் சரி, நடிகர்களை வைத்து எடுக்கும் குழந்தைத் தொடர்களும் அருகிப்போனதற்கு அந்தக் காரணம் பொருந்தாது.