அறுபடாத பணி

தொலைவிலுள்ள கணினியொன்றிற் கட்டளைவரி வழியே நெடுநேரப் பணியொன்றைத் தொடங்குகின்றோம். எம்மிடத்தில் மின்சாரம் தடைப்படுகின்றது; இணைப்பு அறுகின்றது. அதனோடு பணியும் மாய்கின்றது. இரவு முழுதும் ஓடிய கணக்கொன்றை விடியுமுன் இவ்வாறு இழந்த அனுபவம் எமக்குமுண்டு.

இதன் காரணம் யாது? யூனிக்ஸ் முறைமையில் முனையம் துண்டிக்கப்படுங்கால், அதனைச் சார்ந்தியங்கும் நிரல்களுக்குத் தொடர்பு அறுந்தமையை உணர்த்தும் சைகையொன்று செல்லும். தொலைபேசிக் கம்பி வழியே முனையங்கள் இணைந்திருந்த காலத்து ஏற்பாடு இது. அச்சைகையைப் பெற்ற நிரல், வேறு ஏற்பாடு இல்லையேல், முடிவுறும்.

இக்குறையைத் தீர்ப்பவை முனையப் பன்மையாக்கிகள். 1987இல் பேர்லினில் ஒலிவர் லௌமன் 'ஸ்கிரீன்' என்பதனை ஆக்கினார்; 2007இல் நிக்கலஸ் மரியட்டின் 'டிமக்ஸ்' வெளிவந்தது. இவை எமக்கும் நிரலுக்குமிடையே, அத்தொலைக்கணினியிலேயே, ஒரு சேவகனை நிறுத்துகின்றன. நிரலின் முனையத்தை அச்சேவகனே தாங்குகின்றான். ஆதலின் எமது இணைப்பு அறுந்தாலும் நிரல் அதனை அறியாது; தன் பணியைத் தொடரும்.

பயன்படுத்தும் முறை எளிது. தொலைக்கணினியிற் புகுந்து 'டிமக்ஸ்' எனக் கட்டளையிட்டு, அதனுட் பணியைத் தொடங்குக. விலக விரும்பின் கண்ட்ரோல் விசையுடன் 'பி'யையும், பின்னர் தனியே 'டி'யையும் அழுத்துக. மறுநாள் மீண்டும் புகுந்து 'டிமக்ஸ் அட்டாச்' எனின், பணி நடக்கும் திரை முன்போலத் தோன்றும்.

ஒன்றை மறத்தலாகாது. தொலைக்கணினியே நின்றுவிடின் சேவகனும் மாய்வான். ஆதலின் பெறுபேறுகளை இடையிடையே கோப்பிற் பதிந்து வைத்தல் வேண்டும். மாணவர் இவ்விரு பழக்கங்களையும் இழப்பு நேருமுன்பே கைக்கொள்வாராக.